வரைதற் கொப்பியைத் திருப்பிக் கொடுப்போம்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இவ்வுரையை ஒருத்தி வாசித்தாலும் பேசுவது நால்வர். நாங்கள் நால்வரும் இக்கல்லூரியின் பாலர் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். பின்னர் ஆசிரிய கலாசாலைக்கும் ஒன்றாகவே போனோம். ஆரம்பப் பிரிவு ஆசிரியைகளாகப் பல ஊர்களில் கடமையாற்றி, இப்போது இளைப்பாறியிருக்கிறோம். “ஆரம்ப வகுப்பில் கலைகள்” என்ற தலைப்பைச் சங்கம் எங்களுக்குத் தந்தபோது மகிழ்ச்சியும் வந்தது, கூச்சமும் வந்தது. ஏன் கூச்சம் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் எங்கள் சித்திரப் பாடத்தை நினைத்துப் பார்க்கிறோம். கரும்பலகையில் ரீச்சர் ஒரு மாம்பழம் கீறுவார். காம்பின் வலப்பக்கம் ஓர் இலை வைப்பார். வகுப்பில் இருந்த அத்தனை மாம்பழங்களுக்கும் வலப்பக்கம் ஓர் இலை முளைக்கும். எல்லாம் ஒரே மஞ்சள். எங்கள் வளவுகளில் கறுத்தக்கொழும்பான் நின்றது, அம்பலவி நின்றது, விலாட்டும் நின்றது. உருவத்திலும் நிறத்திலும் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. பள்ளிக்கூட மாம்பழமோ இவை எதுவும் இல்லை. அதைக் கீறிப் பத்துக்கு ஒன்பது புள்ளி வாங்கினோம். ஒரு புள்ளி இலை கோணியதற்காகப் போயிற்று.

மூன்றாம் வகுப்பில் வந்த ரீச்சர் எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போனார். கிணற்றடியில் நின்ற முருங்கைக்கு முன்னால் இருத்தி, “பார்த்துக் கீறுங்கோ” என்று மட்டும் சொன்னார். “என்ன நிறம் தீட்டுறது ரீச்சர்?” என்று கேட்டோம். “உனக்கு என்ன நிறம் தெரியுது?” என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. அதுவரை எங்களிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அன்றுதான் முருங்கைப் பட்டை மண்ணிறம் மட்டுமல்ல, சாம்பலும் பச்சையும் கலந்தது என்று கண்டோம்.

அந்த ரீச்சருக்குப் பின்னால் ஒரு மரபு இருந்ததைக் கலாசாலையில்தான் அறிந்துகொண்டோம். ஆங்கிலேயர் காலத்தில் சித்திரப் பாடத்தின் பிரதம பரிசோதகராக இருந்த சி. எஃப். வின்சர் இந்நாட்டின் சித்திரக் கல்வியில் புதிய பாதையைத் திறந்தவர். அவருக்குப் பின் ‘43 குழு’ ஓவியர்களுள் ஒருவரான டபிள்யூ. ஜே. ஜி. பீலிங் அப்பணியைத் தொடர்ந்தார். யாழ்ப்பாணத்தில் சித்திர ஆசிரியர் எஸ். ஆர். கனகசபை அவர்கள் ஓவியக் கழகம் தொடங்கியபோது வின்சரின் பெயரையே அதற்கு வைத்தார். அடுத்த தலைமுறையில் அ. மாற்கு அவர்கள் விடுமுறைக்கால ஓவியர் கழகத்தின் மூலம் இளையோரை ஊக்குவித்தார். ஒரு கிராமத்துப் பாடசாலையின் கிணற்றடிவரைக்கும் இப்படியானவர்களின் செல்வாக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கலாசாலையில் நாங்கள் கற்ற இன்னொரு பெயர் விக்டர் லோவன்ஃபெல்ட். 1947இல் வெளிவந்த அவருடைய நூல் பிள்ளையின் சித்திரம் வயதோடு எப்படி வளர்கிறது என்று காட்டுகிறது. முதலில் கிறுக்கல். பிறகு தலையும் காலும் மட்டும் உள்ள மனிதர். ஏழு எட்டு வயதில் தாளின் அடியில் ஒரு நிலக்கோடு வரும். மரம், வீடு, அம்மா எல்லாம் அதன்மேல் வரிசையாக நிற்கும். சுவருக்குள்ளால் குசினி தெரியும். முக்கியமானது பெரிதாக இருக்கும். அம்மம்மா வீட்டைவிட உயரமாக நின்றால் அது பிழையல்ல. அந்தப் பிள்ளைக்கு அம்மம்மா அவ்வளவு பெரியவர், அவ்வளவுதான். இதை அறியாத ஆசிரியர் அழிறப்பரை எடுத்து அம்மம்மாவைச் சிறிதாக்குவார். நாங்களும் எத்தனையோ அம்மம்மாக்களைச் சிறிதாக்கியிருக்கிறோம்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் புறப்பட்டதை இங்குள்ள பலர் மறந்திருக்கமாட்டீர்கள். தென்மராட்சியில் மரநிழலில் வகுப்பு நடத்தினோம். புத்தகம் இல்லை, கொப்பி இல்லை, வாங்கு இல்லை. இருந்தது மணல் மட்டும். ஈர்க்கால் மணலில் கீறச் சொன்னோம். முதல் வாரம் எல்லாப் பிள்ளைகளும் கெலிகொப்டர் கீறினார்கள். நாங்கள் எதுவும் சொல்லவில்லை. கீறி முடிய அழித்துவிட்டு மறுபடியும் கீறினார்கள். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் ஒருத்தி கெலிகொப்டருக்குக் கீழே ஓர் ஆட்டைக் கீறினாள். விட்டுவிட்டு வந்த ஆடு. அடுத்த நாள் மற்றப் பிள்ளைகளின் ஆடும் மாடும் கிணறும் வந்தன. அதன் பிறகுதான் அந்த வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தது. அடுத்த ஆண்டு மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கி, போரில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்குச் சித்திரத்தாலும் களிமண்ணாலும் கதையாலும் ஆறுதல் தந்ததை அறிந்தபோது, மரநிழலில் நாங்கள் கண்டதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது.

கலை என்றதும் சித்திரத்தை மட்டும் நினைக்க வேண்டாம். ஆரம்பப் பிரிவில் வகுப்பாசிரியை ஒருத்தியே சங்கீதமும் ஆடலும் நாடகமும் கைப்பணியும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. “எனக்குச் சுருதி சேராது, நான் எப்படிப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது?” என்று இளம் ஆசிரியைகள் எங்களிடம் கேட்பதுண்டு. பிள்ளைக்குக் கச்சேரி தேவையில்லை. ஆதிதாளத்தின் எட்டு எண்ணிக்கையைக் கையால் போடவையுங்கள். நாலும் இரண்டும் இரண்டும் எட்டு என்பது கையில் ஏறிவிடும். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டை வகுப்பு முழுவதும் சேர்ந்து பாடட்டும். அவருடைய கத்தரித் தோட்டத்து வெருளியாக ஒரு பிள்ளை நிற்கட்டும், மற்றப் பிள்ளைகள் காகமாக வரட்டும். அங்கே மொழியும் இருக்கிறது, சுற்றாடலும் இருக்கிறது, நாடகமும் இருக்கிறது. குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்கள் ‘கூடி விளையாடு பாப்பா’ போன்ற சிறுவர் நாடகங்களில் காட்டிய வழியும் இதுதான். வசனம் பாடமாக்கிய இரண்டு கெட்டிக்காரப் பிள்ளைகள் முன்னால் நிற்க, மற்றவர்கள் மரமாக நின்று கால் கடுப்பது சிறுவர் நாடகமாகாது.

வர்ணம் வாங்கக் காசு இல்லையென்று சொல்லாதீர்கள். மஞ்சள், கரி, செங்கட்டி, செவ்வரத்தம் பூ எல்லாம் நிறம்தான். குறுக்கே வெட்டிய வெண்டிக்காயும் வாழைத்தண்டும் அச்சுத்தான். பனையோலை எங்கள் மண்ணில் இல்லாத இடமில்லை. பின்னப் பழகிய பிள்ளைக்கு ஒன்று மேலே ஒன்று கீழே என்ற ஒழுங்கு விரலில் தங்கிவிடுகிறது. கோலத்துக்குப் புள்ளி வைக்கும் பிள்ளை சமச்சீரை அதன் பெயர் தெரியாமலே படிக்கிறாள்.

1999இல் நாடு முழுவதற்கும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் இதற்கு வழிவிட்டது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்ற மூன்றையும் அது வகுத்தது. முதல் இரண்டு தரங்களில் விளையாட்டுக்கே முதலிடம். ஆனால் தரம் ஐந்துக்கு வர எழுத்து வேலை கூடுகிறது, புலமைப்பரிசில் பரீட்சையும் வந்து நிற்கிறது. அந்தப் பரீட்சையின் இரண்டு வினாத்தாளிலும் பாடச் சொல்லியோ ஆடச் சொல்லியோ வினா இல்லை. இலவசக் கல்வியோடு வளர்ந்த அந்தப் பரீட்சை எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. அதை நாங்கள் குறை சொல்லவில்லை. பரீட்சை வருகிறது என்று மற்றக் கதவுகளை நாங்களே பூட்டியதைத்தான் சொல்கிறோம்.

தொடக்கத்தில் சொன்ன கூச்சத்துக்கு இப்போது வருகிறோம். எங்களில் இருவர் ஒரே பாடசாலையில் தரம் ஐந்துக்குக் கற்பித்த காலம். பாடசாலையின் பெயர் வேண்டாம், பிழை எங்களுடையது. தை மாதமே சித்திரப் பாடத்தை மாதிரி வினாத்தாளுக்கு எடுத்துக்கொண்டோம். ஒரு பிள்ளை கணக்குக் கொப்பிக்கு அடியில் வரைதற் கொப்பியை வைத்து எந்நேரமும் கீறிக்கொண்டிருப்பாள். தாயாரும் வந்து முறையிட்டார். கொப்பியை வாங்கி, “பரீட்சை முடியத் தாறம்” என்று அலுமாரிக்குள் வைத்தோம். அவள் அழவில்லை. பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்துச் சித்தியடைந்தாள். பேப்பரில் படமும் வந்தது. நாங்கள் பெருமைப்பட்டோம். கொப்பியை எல்லோரும் மறந்துபோனோம்.

பல ஆண்டுகளுக்குப் பின் அவள் வெளிநாட்டிலிருந்து தன் மகளோடு எங்களைப் பார்க்க வந்தாள். நல்ல உத்தியோகம், நல்ல குடும்பம். தேநீர் குடித்து முடிந்ததும் சிரித்துக்கொண்டே கேட்டாள்: “ரீச்சர், என்ர கொப்பி உங்களிட்டை இருக்கோ? மகளுக்குக் காட்டலாமெண்டு நினைச்சன்.”

எங்களிடம் இருக்கவில்லை. இடப்பெயர்வில் பாடசாலையும் அலுமாரியும் போயிருந்தன. “இப்ப கீறுறனியோ?” என்று கேட்டோம். “இல்லை ரீச்சர், அதோடை விட்டிட்டன்” என்றாள். அவள் குற்றம் சொல்லவில்லை. அதனால்தான் எங்களுக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

அன்புச் சகோதரிகளே, நூற்றாண்டையொட்டிப் பல திட்டங்கள் பேசப்படுகின்றன. மண்டபத்துக்கு வர்ணம், மேடைக்குத் திரை, ஒலிபெருக்கி எல்லாம் நல்லவையே. அவற்றோடு மூன்று சிறிய விண்ணப்பங்களை வைக்கிறோம்.

ஆரம்பப் பிரிவின் ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் அலுமாரி தாருங்கள். அதில் டிமைத் தாளும் பஸ்டலும் தூரிகையும் பசையும் சில தாளவாத்தியங்களும் இருக்கட்டும். அது பூட்டில்லாத அலுமாரியாக இருக்கட்டும்.

ஊரில் இருக்கும் பழைய மாணவிகள் மாதம் ஒரு முறை வந்து, தெரிந்ததை ஒரு வகுப்பில் செய்து காட்டுங்கள். பெட்டி இழைக்கத் தெரிந்தவர் இழையுங்கள், கும்மி தெரிந்தவர் ஆடுங்கள், கதை தெரிந்தவர் சொல்லுங்கள். பரத அரங்கேற்றம் செய்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, தாய்மாராகவும் அம்மம்மாமாராகவும் இருப்பவர்களுக்கு. எந்த நாட்டில் இருந்தாலும் பிள்ளை கீறிய தாளைக் கொண்டுவந்து காட்டும்போது “இது என்ன?” என்று கேட்காமல், “இதைப் பற்றிச் சொல்லு” என்று கேளுங்கள். பரீட்சை ஆண்டிலும் கேளுங்கள்.

எங்களுக்கு முருங்கையைக் காட்டிய ரீச்சர் இன்று நம்மிடையே இல்லை. அவரைப் போன்ற பலரை இக்கல்லூரி நூறு ஆண்டுகளாகத் தந்திருக்கிறது. அடுத்த நூறு ஆண்டின் முதல் வகுப்புப் பிள்ளை வரைதற் கொப்பியைக் கணக்குக் கொப்பிக்கு மேலே வைத்துக் கீறட்டும்.