வாசலில் ஒரு மரம்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



போன விடுமுறையில் சிங்கப்பூர் போயிருந்தேன். தேக்காவில் கடைவீடுகள் சுவரோடு சுவராக நிற்கின்றன. முற்றம் என்று ஒரு சாண் மண் கிடையாது. அஞ்சடியை விட்டு இறங்கினால் வெயில் மண்டையைப் பிளக்கிறது. பிறகு பேருந்தேறித் தாங்ளின் பக்கம் போனேன். சாலைக்கு மேலே தூங்குமூஞ்சி மரங்கள் பந்தல் போட்டிருந்தன. அதே ஊர், அதே சூரியன். காற்று மட்டும் வேறு!

அந்த நிழல் தானாக வரவில்லை. 1963 ஜூன் 16ஆம் நாள் பிரதமர் லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸில் ஒரு கன்றை நட்டு மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். 1971இல் மரம் நடும் நாள் பிறந்தது. 2020இல் பத்து லட்சம் மரம் நடும் திட்டம் வந்தது.

சாலை அரசாங்கத்துடையது, சரி. வீட்டு வளவு? மரப் பாதுகாப்பு வட்டாரங்களில் ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரம் சொந்த நிலத்தில் நின்றாலும், அனுமதியின்றி வெட்டக்கூடாது என்பது அங்கே சட்டம். "என் மரம், என் கத்தி" என்று சொல்ல முடியாது.

ஆனால் பெரிய மரத்தைத்தான் சட்டம் காக்கும். சின்னக் கன்றை யார் நடுவது? நாம்தான்!

நம்மில் பலர் லயத்தை விட்டுத் தாமானில் வீடு வாங்கிப் போகிறோம். நானும் போனேன். குப்பை விழுகிறதென்று வாசல் மாமரத்தை வெட்டிச் சிமெண்டு போட்டேன். பகலில் குடித்த வெயிலைச் சிமெண்டு இரவில் கக்குகிறது. முப்பது ஆண்டு பால்மரம் வெட்டிய என் அம்மா சொன்னார்: "மரத்தடியிலேயே பொழச்சேன் ஐயா. இப்ப ஒக்கார நெழல் இல்லியே." எனக்குப் பேச்சு வரவில்லை.

மறுவாரமே சிமெண்டை உடைத்து ஒரு கொய்யாக் கன்று வைத்தேன். சின்ன வாசலுக்குக் கொய்யா, எலுமிச்சை, கறிவேப்பிலை போதும். ஆல், அரசு வேண்டாம். வேர் சுவரைப் பிளக்கும்.

பிள்ளைகளே, படித்து முன்னேறுங்கள், வீடு வாங்குங்கள். வாசல் முழுக்கச் சிமெண்டு போடாமல், ஒரு மரத்துக்கு மட்டும் மண் விட்டு வையுங்கள். அதன் கீழே உங்கள் அம்மா உட்காரட்டும்.