வெற்றுச் சீரத்தின் கோடு



நெஞ்சுவலியோடு வருகிறவரின் ரத்தத்தில் மருத்துவர் தேடுவது டிரோபோனின் என்ற புரதத்தை. இதயத் தசை சிதைந்தால் அது ரத்தத்தில் கசியும். இன்றைய நுண்ணுணர்வுப் பரிசோதனையில் டிரோபோனின்-டி லிட்டருக்கு 14 நானோகிராமைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். அதே லிட்டரில் ஆல்புமின் 40 கிராம் அளவில் இருக்கிறது. வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 300 கோடி மடங்கு! அந்தக் கூட்டத்துக்குள் ஒளியைக் கொண்டு ஒரு முகத்தை அடையாளம் காண்பதுதான் நம் வேலை.

ஒளி நமக்குக் குறை வைக்கவில்லை. உலோகப் படலத்தில் எலக்ட்ரான்கள் கூட்டாக அசையும் பிளாஸ்மான் அலையை ஒளியால் எழுப்பும் வழியை 1968இல் ஓட்டோ ஒருபுறமும், கிரெட்ச்மன், ரேத்தர் இருவரும் மறுபுறமும் காட்டினார்கள். 1983இல் சுவீடனில் லீட்பெரி, நைலாண்டர், லுண்ட்ஸ்ட்ரோம் மூவரும் அதை உணரியாக்கினார்கள். 1990இல் அந்த வகையில் பயாகோர் கருவி விற்பனைக்கு வந்தது. கண்ணாடிமேல் 50 நானோமீட்டர் தங்கம், தங்கத்தின்மேல் எதிர்ப்பொருள். புரதம் வந்து ஒட்டினால் ஒளிவிலகல் எண் இம்மியளவு மாறும். ஒளி மங்கும் கோணம் நகரும். சதுர மில்லிமீட்டருக்குச் சில பிக்கோகிராம் ஒட்டினாலே திரையில் கோடு எழும்பிவிடும். வேறொரு வழியும் உண்டு. கோல் கும்பஸ் மாடத்தில் கிசுகிசுப்பு சுவரோடு சுற்றிவருவதை நம் சி.வி. ராமன் 1920களின் தொடக்கத்தில் ஆராய்ந்தார். அதே சுற்றோட்டத்தை நுண்கண்ணாடிக் கோளத்துக்குள் ஒளியைக் கொண்டு நடத்தி, புரதம் ஒட்டுவதை இன்று அளக்கிறோம். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

ஆனால் கருவியின் கூர்மையே நம்மை ஏமாற்றவும் செய்யும். என் ஆய்வகத்தில் ஒரு மாணவிக்குக் காலைதோறும் அழகான ஏறுகோடு கிடைத்தது. மிகக் குறைந்த செறிவில் புரதத்தைப் பிடித்துவிட்டோம் என்று எல்லோரும் மகிழ்ந்தோம். ஒருநாள் புரதம் கலக்காத வெறும் பஃபர் கரைசலை ஓட்டினாள். கோடு அப்படியே ஏறியது. காலை 9 மணிக்கு ஏசி போட்டதும் அறை குளிர்கிறது; குளிர்ந்தால் நீரின் ஒளிவிலகல் எண் கூடுகிறது. ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நாங்கள் அளந்ததோ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. டிகிரியில் நூறில் ஒரு பங்கு மாறினாலே போதும். எட்டு மாத வேலை போனது. அந்த வெற்றுக் கரைசலை முதல் வாரத்திலேயே ஓட்டச் சொல்லாதது வழிகாட்டியான என் பிழை.

அது பஃபரில் நடந்த கதை. ரத்தச் சீரத்தை ஓட்டினால் ஆல்புமினும் இம்யூனோகுளோபுலினும் அழைக்காமலே வந்து தங்கத்தில் அப்பிக்கொள்ளும். பாலிஎத்திலீன் கிளைக்கால் பூச்சு அதைக் குறைக்கும், முழுதாக நிறுத்தாது.

காத்திருப்பும் ஒரு சிக்கல். ஒரு ஃபெம்டோமோலார் செறிவில் 50 மைக்ரோலிட்டர் துளிக்குள் சுமார் 30,000 மூலக்கூறுகளே இருக்கும். புரதம் தானாக அலைந்து ஒரு மில்லிமீட்டர் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். நுண்ணிய உணரியை அசையாத துளிக்குள் வைத்துவிட்டுக் காத்திருந்தால் நாள்கணக்கில் ஆகலாம் என்று 2005இலேயே ஷீஹனும் விட்மனும் கணக்கிட்டுக் காட்டினார்கள். டேவிட் வால்ட் குழுவினர் 2010இல் வெளியிட்ட முறை எனக்கு மிகவும் பிடித்தது அதனால்தான். எதிர்ப்பொருள் பூசிய லட்சக்கணக்கான காந்த மணிகளைத் துளிக்குள் கலந்து, புரதம் இருக்கும் இடத்துக்கே அனுப்பினார்கள். பிறகு ஒவ்வொரு காந்த மணியையும் ஒரு நுண்குழிக்குள் அடைத்து, ஒளிரும் குழிகளை எண்ணினார்கள்.

இம்மாநாட்டில் கட்டுரை படிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கண்டறியும் எல்லை எவ்வளவு என்று சொல்லும்முன், நீர்க்காத சீரத்தில், தேடும் புரதம் இல்லாதபோது உங்கள் உணரி வரைந்த கோட்டைக் காட்டுங்கள். எத்தனை முறை அளந்தீர்கள், எத்தனை உணரித் தகடுகளில் அளந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அந்தக் கோடு அலைபாய்ந்தால் மறைக்காதீர்கள். பக்கத்து ஆய்வகத்தில் ஒருவர் அதே அலைச்சலோடு மல்லாடிக்கொண்டிருப்பார். அமர்வுத் தலைவர்களிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன். அந்தக் கோடு திரையில் வந்த பிறகே கேள்வி நேரம் தொடங்கும்.

முதல் அமர்வை நடத்தித்தர அதன் தலைவரை அழைக்கிறேன்.