பனியனுக்குள் புளிச்ச மாவு

தாராபுரத்திலிருந்து விடிகாலையில் பஸ் ஏறி திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் சாயப்பட்டறைக்கும் போகிறவர்களுக்கு 'என்சைம் வாஷ்' பழகிப்போன பேச்சு. அந்த என்சைம் என்ற சொல்லைப் பிறப்பித்தவர் ஜெர்மன் உடலியல் அறிஞர் வில்ஹெல்ம் கூனே. 1870களில், பழைய கிரேக்கத்திலிருந்து எடுத்தார். 'என்' என்றால் உள்ளே; 'சைமே' என்றால் மாவைப் புளிக்க வைக்கும் பொருள். தமிழில் நொதி என்கிறோம். நொதித்தலிலிருந்து வந்ததால், நம் சொல்லும் அதே அடுப்படியில் பிறந்ததுதான்!

உயிருள்ள ஈஸ்ட் இல்லாமல் சர்க்கரை சாராயமாகாது என்று பெரிய பெரிய ஆட்களே நம்பிய காலம் அது. 1897-இல் எட்வர்ட் புக்னர் ஈஸ்டை மணலோடு அரைத்துச் சாறு பிழிந்தார். உயிரணுவே இல்லாத அந்தச் சாற்றில் இருந்த நொதியே சர்க்கரையை நொதிக்க வைத்தது. 1907-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு.

சாயப்பட்டறையில் என்சைம் வாஷுக்குப் போடுவது செல்லுலேஸ் என்ற நொதி. இந்த 'ஏஸ்' என்ற வால், 1833-இல் பிரான்சில் முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த டயஸ்டேஸ் என்ற நொதியின் பெயர் தந்தது. அதுவும் கிரேக்கம்தான், பிரித்தல் என்று பொருள்.

பருத்தி என்பது பெரும்பாலும் செல்லுலோஸ். துணிமேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை செல்லுலேஸ் அரித்துவிடும். பனியன் வழவழப்பாகும், உருண்டை கட்டாது. லேசான புளிப்புத் தண்ணீர், ஐம்பது டிகிரியை ஒட்டிய சூடு போதும். நேரம் தப்பினால் துணியையே தின்ன ஆரம்பிக்கும். அதனால்தான் வேலை முடிந்ததும் சூட்டை ஏற்றி அதை அடக்குகிறார்கள்.