ஓட்டிப் பார்க்காமலே பிடிபடும் பிழை



2014 பிப்ரவரி 21ஆம் தேதி ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு அவசரமாக ஒரு திருத்தத்தை வெளியிட்டது. மேக் கணினிகளுக்கான திருத்தம் வர மேலும் நான்கு நாளானது. எல்லாவற்றுக்கும் காரணம், நிரலில் தவறிப்போய் இரண்டு முறை இடம்பெற்றுவிட்ட ஒரு வரி: 'கோ டு ஃபெயில்'.

வங்கியின் இணையதளத்தைத் திறக்கிறோம். எதிரே இருப்பது அந்த வங்கிதானா என்று அறிய, அது அனுப்பும் டிஜிட்டல் கையொப்பத்தை நம் கருவி சரிபார்க்கிறது. அந்தச் சோதனை படிப்படியாக நடக்கும். ஒரு படியில் கோளாறு என்றால், மிச்சத்தை விட்டுவிட்டு 'ஃபெயில்' என்று பெயரிட்ட கடைசிப் பகுதிக்குத் தாவ வேண்டும்; அதற்கான கட்டளைதான் 'கோ டு ஃபெயில்'. இரண்டு முறை வந்த அந்தக் கட்டளையில் முதல் வரிக்கு 'கோளாறு இருந்தால்' என்ற நிபந்தனை இருந்தது. அதன் கீழே இருந்த இரண்டாவது வரிக்கு நிபந்தனை இல்லை. சி மொழியில் அடைப்புக்குறி போடாவிட்டால், 'இஃப்' அடுத்து வரும் ஒரே ஒரு கட்டளையைத்தான் கட்டுப்படுத்தும். ஆகவே கோளாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிரல் அங்கிருந்து தாவியது. கையொப்பத்தை ஒப்பிடும் வரிகள் ஓடவே இல்லை. அதுவரை பிழை எதுவும் பதிவாகாததால், 'எல்லாம் சரி' என்றே விடை வந்தது. பொது வைஃபையில் இடையே புகுந்த ஒருவர் தன்னையே வங்கி என்று காட்டிக்கொள்ள வழி பிறந்தது.

இரண்டு வரிகளும் ஒரே அளவு உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்ததால் கண்ணில் படவில்லை. வழக்கமான டெஸ்டிங்கிலும் இது சிக்காது. நல்ல தளத்தோடு இணைத்துப் பார்த்தால் இணைப்பு ஒழுங்காகக் கிடைக்குமே!

இந்த மாதிரி இடத்தில்தான் ஸ்டாட்டிக் அனாலிசிஸ் கைகொடுக்கிறது. நிரலை ஓட்டாமல், எழுதியதை மட்டும் படித்து, எந்த வழி எங்கே போய்ச் சேரும் என்று இதற்கான கருவி கணக்கிடும். 'இந்த வரிக்கு எந்த வழியிலும் வர முடியாது' என்று சொல்லிவிடும். இது நேற்று வந்த உத்தியும் அல்ல. பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1970களில் உருவாக்கிய 'லின்ட்' கருவியே இதைச் செய்தது.

எனக்கு ஆற்றாமை தருவது வேறொன்று. நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்ற ஆப்பிள் பயன்படுத்திய கிளாங் கம்பைலரிலேயே இந்த எச்சரிக்கை இருந்தது. ஆனால், வழக்கமான எச்சரிக்கைகளை மொத்தமாக இயக்கும் தெரிவில் அது சேர்க்கப்படவில்லை. தனியாகக் கேட்டால்தான் வரும். பின்னர், 2016இல் வந்த ஜிசிசி 6 என்ற வேறொரு கம்பைலரில், வரியின் தள்ளலும் பொருளும் ஒத்துப்போகாவிட்டால் சொல்லும் எச்சரிக்கை வழக்கமானவற்றிலேயே சேர்ந்துவிட்டது.

கருவி எல்லாம் அறிந்ததும் அல்ல. அதே 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' என்ற பாதுகாப்பு ஓட்டை, அன்றைய கருவிகள் பலவற்றிடமிருந்தும் தப்பியது. பிழையே இல்லாத இடத்தில் கூச்சல் போடுவதும் உண்டு. பழைய நிரல் ஒன்றில் முதல்முறை ஓட்டினால் ஆயிரக்கணக்கில் எச்சரிக்கைகள் கொட்டும். மலைத்துப்போய் அணைத்துவிடுகிறவர்கள் அநேகர். அணைக்காதீர்கள். பழையதை ஒதுக்கி வைத்துவிட்டு, இன்று எழுதும் வரிகளுக்கும் இன்று மாற்றும் வரிகளுக்கும் மட்டும் கண்டிப்பு வையுங்கள்; அவற்றில் ஓர் எச்சரிக்கை இருந்தாலும் அவற்றை மொத்த நிரலோடு சேர்க்க விடாதீர்கள். பழைய பட்டியலை வாரம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வரலாம்.