சக்கரங்களின்மேல் ஓர் இல்லறம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மேடையேறிப் பேசிப் பழகியவன் அல்லன் நான். பயணச்சீட்டுச் சாளரத்தின் சிறு துளை வழியே பேசியே இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்டவன். "உமக்குத் தெரிந்த பிரயாணத்தைப் பற்றியே பேசுமே" என்றார் நம் செயலாளர். ரயிலைப் பற்றிப் பேசினால், பொங்கலுக்கு ஊர் செல்ல இடம் கிடைக்குமா என்று நீங்கள் என்னைச் சூழ்ந்துகொள்வீர்கள். ஆகவே ரயில் இல்லாத பிரயாணம் ஒன்றைச் சொல்ல முன்வந்தேன்.

சென்ற மார்கழியில் ஒருநாள், இந்த வடநாட்டு மூடுபனியில் வண்டிகள் யாவும் தாமதமாக ஓடிக்கொண்டிருந்தன. முதியவர்களாகிய ஆஸ்திரேலியத் தம்பதியர் இருவர் என் சாளரத்திற்கு வந்து தங்கள் வண்டியைப் பற்றி விசாரித்தனர். ஏழு மணி நேரம் தாமதம் என்றேன். அவர்கள் சினம் கொள்ளவில்லை. "காத்திருப்பது எங்களுக்குப் பழக்கம்" என்று சிரித்தனர். என் பணிநேரம் முடிந்ததும் அவர்களோடு அமர்ந்து தேநீர் அருந்தினேன். என் ஆங்கிலம் பள்ளியிறுதி வகுப்பு ஆங்கிலம். அவர்களுடைய உச்சரிப்போ எனக்குப் புதிது. ஆயினும் இரு தரப்பிலும் பொறுமை இருந்ததால் பேச்சு வளர்ந்தது.

கணவர் உழவு யந்திரங்களைப் பழுது பார்த்தவர். மனைவி பள்ளி நூலகத்தில் பணியாற்றியவர். இருவரும் ஓய்வு பெற்றபின், 2016ஆம் ஆண்டில், ஒரு காரவானை வாங்கித் தம் காரின் பின்னே பூட்டிக்கொண்டு நாட்டைச் சுற்றப் புறப்பட்டனர். காரவான் என்பது சக்கரங்களின்மேல் அமைந்த சிறு வீடு. கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை யாவும் அதற்குள் அடக்கம். இவ்வாறு திரியும் முதியவர்கள் அங்கே ஏராளம். நரைத்தலை நாடோடிகள் என்று அந்நாட்டார் அவர்களைச் செல்லமாக அழைக்கின்றனர்.

ஆஸ்திரேலியா பரப்பில் நம் நாட்டைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்டது. மக்கள் தொகையோ மூன்று கோடிக்கும் குறைவு. கண்டத்தின் கரையோரமாகச் சுற்றிவரும் முதலாம் எண் நெடுஞ்சாலை ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர் நீளமுடையது. நமக்கு ஆனி, ஆடி, ஆவணியாக இருக்கும்போது அங்கே குளிர்காலம். அப்போது தெற்கே குளிருக்கு அஞ்சி முதியவர்கள் வடக்கே செல்வர். வடக்கே மழைக்காலம் தொடங்குமுன் தெற்கே திரும்புவர். நம் நாட்டில் பறவைகள் வலசை போவதைப்போல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் எங்கே தங்குவர்? மின்சாரமும் தண்ணீரும் தரும் காரவான் பூங்காக்கள் உண்டு. அவற்றுக்குக் கட்டணம் உண்டு. நாள்தோறும் கட்டணம் செலுத்தினால் ஓய்வூதியம் எம்மட்டு? ஆகவே பலர் நெடுஞ்சாலையோர ஓய்விடங்களிலும், அனுமதிக்கப்பட்ட ஆற்றங்கரைகளிலும் கட்டணமின்றித் தங்குகின்றனர். இலவசம் என்றதும் எளிது என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே குழாயும் இல்லை, விளக்கும் இல்லை. கூரைமேல் பதித்த சூரியத் தகடுகளால் மின்கலத்தை நிரப்ப வேண்டும். இவர்களுடைய வண்டியில் 190 லிட்டர் தண்ணீர் கொள்ளும். அதை ஒரு வாரத்துக்குமேல் நீட்டித்துப் பயன்படுத்துவாராம் அந்த அம்மையார். நம் குடியிருப்பில் தண்ணீர் லாரி வராத வாரத்தை நினைத்துக்கொண்டேன்!

கழிவையும் குப்பையையும் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது. அதற்கென அமைந்த இடம் வரும்வரை உடன் சுமந்து செல்ல வேண்டும். பல இடங்களில் ஓரிரவுக்குமேல் தங்க அனுமதி இல்லை. சில ஊர்களில் தங்கினாலே அபராதம். பூங்கா நடத்துவோர் தம் பிழைப்புக் கெடுகிறது என்று முறையிடுவதும் உண்டு. வேறு சில சிற்றூர்களோ, வருவோர் நம் கடைகளில் அரிசி பருப்பு வாங்குவாரல்லவா என்று எண்ணித் தாமே இடம் ஒதுக்கித் தருகின்றன.

நிற்க. நான் சொல்லவந்த செய்தி இனிமேல்தான் வருகிறது.

அந்நாட்டின் தெற்கே நல்லார்பர் என்றொரு சமவெளி உண்டு. மரம் இல்லை என்பதே அப்பெயரின் பொருள். அதன் வழியே செல்லும் சாலையில், ஓரிடத்தில் 146 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. அதற்கு வடக்கே, 1917இல் முடிவுற்ற இருப்புப்பாதை 478 கிலோமீட்டர் தொலைவு நூல் பிடித்தாற்போல் செல்கிறது. உலகிலேயே நீளமான நேர்ப்பாதை அதுவே. ரயில்வேக்காரன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

2018ஆம் ஆண்டு இத்தம்பதியர் அச்சாலையில் மேற்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தனர். மேற்கு மாநில எல்லையில் பழங்களையும் காய்களையும் சோதித்துப் பறித்துவிடுவர். பயிர்ப்பூச்சி பரவாதிருக்க அந்த ஏற்பாடு. ஆகவே எஞ்சிய காய்களையெல்லாம் அன்றிரவே சமைத்துவிட்டு, சாலையோர ஓய்விடம் ஒன்றில் படுத்தனர். அன்று அங்கே வேறு வண்டி எதுவும் இல்லை. நள்ளிரவில் கணவருக்கு நெஞ்சுவலி கண்டது. கைப்பேசியில் தொடர்பு இல்லை. அம்மையாருக்குக் கார் ஓட்டத் தெரியும். ஆனால் காரவானைப் பூட்டிய நிலையில் ஒருநாளும் ஓட்டியதில்லை. அதைக் காரிலிருந்து கழற்றவும் தெரியாது. இரண்டு ஆண்டுகளாக அவையெல்லாம் கணவரின் வேலையாகவே இருந்தன.

"அந்த நேரத்தில் நோயைவிட என் அறியாமைதான் எனக்கு அச்சமூட்டியது" என்றார் அவர்.

காரில் இருந்த வானொலிக் கருவியை இயக்க மட்டும் அறிந்திருந்தார். லாரி ஓட்டுநர்கள் பேசிக்கொள்ளும் நாற்பதாம் அலைவரிசையில் மீண்டும் மீண்டும் கூப்பிட்டார். நெடுநேரம் கழித்து ஒரு குரல் விடையளித்தது. அந்த ஓட்டுநர் வந்து காரவானைக் கழற்றிவிட்டார். அம்மையார் காரை ஓட்ட, லாரி முன்சென்று வழிகாட்ட, 40 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த சாலையோர விடுதியை அடைந்தனர். அங்கே தொலைபேசி இருந்தது. விடியற்காலையில் பறக்கும் மருத்துவர் விமானம் வந்து இறங்கியது. ஜான் ஃப்ளின் என்ற பாதிரியாரின் முயற்சியால் 1928இல் குயின்ஸ்லாந்தில் தொடங்கிய சேவை அது. இன்றும் அச்சாலையின் சில பகுதிகளையே அவ்விமானங்கள் இறங்குவதற்கென அடையாளமிட்டு வைத்திருக்கின்றனர். கணவர் பிழைத்தார். முன்பின் அறியாத வேறொரு முதிய தம்பதியர் காரவானை விடுதிவரை இழுத்துவந்து சேர்த்தனர்.

குணமடைந்தபின் பிள்ளைகள், "போதும் இந்த ஊர்சுற்றல்" என்றனர். தாய் அதற்கு இசையவில்லை. முதலில் காரவான் இழுக்கக் கற்பிக்கும் பயிற்சிக்குச் சென்றார். பூட்டவும், கழற்றவும், பின்னோக்கிச் செலுத்தவும் கற்றார். அதன்பின்னரே இருவரும் மீண்டும் புறப்பட்டனர். இப்போது ஒருநாள் அவர் ஓட்டுகிறார், மறுநாள் இவர் ஓட்டுகிறார். சமையலும் அவ்வாறே முறைவைத்து நடக்கிறதாம். தம் சமையல் இன்னும் தேறவில்லை என்று கணவரே ஒப்புக்கொண்டார்.

அன்பர்களே! அன்றிரவு வீடு திரும்பியதும் என் மனைவியிடம் இக்கதையைச் சொன்னேன். பிறகு ஒரு கேள்வி கேட்டேன்: "நாளை எனக்கு ஏதேனும் நேர்ந்தால், வங்கிக் கணக்குப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று தெரியுமா?" தெரியாது என்றாள். காப்பீட்டுப் பத்திரம்? தெரியாது. எனக்குச் சற்றுப் பெருமிதமாகக்கூட இருந்தது. எல்லாவற்றையும் நானே சுமக்கிறேன் அல்லவா என்ற பெருமிதம்.

அவள் திரும்பக் கேட்டாள்: "சரி, பால்காரருக்கு எவ்வளவு பாக்கி? சின்னவனுக்கு எந்த மாத்திரை ஒவ்வாது? ஊரில் அத்தைக்குத் திதி எந்த நாள்?" எனக்கு ஒன்றுக்கும் விடை தெரியவில்லை.

சொந்த ஊரை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வாழ்பவர்கள் நாம். சித்தப்பாவும் மாமாவும் அடுத்த தெருவில் இல்லை. நள்ளிரவில் கூப்பிட்டால் வரக்கூடியவர்கள் இக்குடியிருப்பில் இருக்கிறார்கள். அதற்காகவே இச்சங்கம் வாழ வேண்டும். ஆனால் வருபவர் வந்து சேரும்வரை வீட்டுக்குள் இருப்பவர்தாம் துணை. அத்துணைக்கு வண்டியைச் செலுத்தத் தெரிந்திருக்க வேண்டாமா?

இப்போது எங்கள் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் நான் எழுதுகிறேன். எதிர்ப்பக்கத்தில் அவள் எழுதுகிறாள். சென்ற மாதம் அவளே வங்கிக்குச் சென்று படிவம் நிரப்பிப் பணம் எடுத்துவந்தாள். சென்ற ஞாயிறன்று நான் சாம்பார் வைத்தேன். அதைப்பற்றி என் பிள்ளைகளிடம் விசாரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நமக்குக் காரவான் வேண்டாம். இன்றிரவு வீடு சென்றதும் அலமாரியைத் திறந்து, எது எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளுங்கள். என் வேண்டுகோள் அவ்வளவே.