யப்பானிலும் பாண்



காலையில் நாம் கடையில் வாங்கும் பாணை யப்பானியரும் 'பான்' என்றே சொல்கின்றனர். இரண்டுக்கும் வேர் ஒரே போர்த்துக்கேயச் சொல். 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் 1543இல் யப்பானின் தனெகஷிமா தீவை அடைந்தனர். அவர்களது மூக்கொலியை நாம் ணகரமாக்கினோம், யப்பானியர் னகரமாக்கினர். 1639இல் போர்த்துக்கேயக் கப்பல்களை யப்பானிய அரசு தடைசெய்தது. சொல் மட்டும் போகவில்லை. நமது சட்டைப் பொத்தானும் அங்கே ஏறக்குறைய அதே ஒலியில் வழங்குகிறது. அதுவும் அவர்கள் தந்ததே.

இந்தத் துணிவில் நான் ஒருமுறை வகுப்பிலே சறுக்கினேன். யப்பானியர் நன்றி கூறும் 'அரிகத்தோ', போர்த்துக்கேயரின் 'ஒப்ரிகாதோ'விலிருந்து பிறந்தது என்றேன். மாணவர்களும் குறித்துக்கொண்டனர். பின்னரே உண்மை தெரிந்தது. அதன் மூலம் 'அரிகத்தஷி' என்னும் பழஞ்சொல். 'இருத்தல் அரிது' என்பது பொருள். கி.பி. 1000ஆம் ஆண்டளவில், அரண்மனையில் பணிபுரிந்த சேய் ஷோனகொன் என்ற பெண்மணி தமது 'தலையணை நூ'லில் அரியவற்றை அடுக்கும் இடத்தில் இச்சொல்லை ஆள்கிறார். போர்த்துக்கேயர் வருவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர்! ('அரி' என்றதும் நமது 'அரிது' என்பதோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். அங்கே 'அரி' என்பது இருத்தல், 'கத்தஷி'தான் அரிது.)

அடுத்த பாடத்தில் அந்த வரியை வெட்டச் சொன்னேன். "அப்படியென்றால் பாணும் பொய்யா, சேர்?" என்று கேட்டான் ஒருவன்.

"இல்லை. பாண் யப்பானுக்குப் புதுப் பண்டம். பண்டத்தோடு பெயரும் வந்தது. நன்றி சொல்ல அவர்கள் அதற்கு முன்னரே அறிந்திருந்தார்கள்" என்றேன்.