எசனில் முதல் வாடகை வீடு

ஜெர்மனியின் எசன் நகரில் வளர்ந்த நம் பிள்ளைகள் சிலருக்கு, ஒரு சின்ன ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடலாமே என்ற எண்ணம் வருகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டுவிடக் கூடாது. ஒரு லட்சம் யூரோ வீடு என்றால் எசன் இருக்கும் மாநிலத்தில் 6.5 சதவீதம், அதாவது 6,500 யூரோ, வரியாகவே போய்விடும். நோட்டரி, பதிவு, தரகு எல்லாம் தனி.

எசன் நிலக்கரி தோண்டிய ஊர். அங்குள்ள சோல்ஃபெராயின் சுரங்கம் 1986-இல் மூடப்பட்டது. சுரங்கம் தோண்டிய பகுதிகளில் தரை இறங்கிச் சுவர் விரிசல் விடுவதுண்டு. "இழப்பீடு கேட்கமாட்டேன்" என்று என்றைக்கோ ஒரு உரிமையாளர் எழுதிக்கொடுத்து, அது நிலப்பதிவேட்டில் ஏறியிருந்தால், இன்று வாங்குபவரையும் அது கட்டுப்படுத்தும். கையெழுத்துப் போடுமுன் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். ஃபிளாட் உரிமையாளர்கள் கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்குங்கள். கூரை மாற்றப்போகிறார்களா, கொதிகலன் மாற்றப்போகிறார்களா என்பது அதில்தான் தெரியும்.

குடிவருபவரிடம் வாங்கும் முன்பணம், வெப்பச் செலவு முதலியவை சேராத மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. அதை அவர் மூன்று தவணையில் தரலாம். அந்தப் பணம் உங்களுடையதல்ல. தனிக் கணக்கில் போட்டுவையுங்கள், சட்டமும் அதைத்தான் கேட்கிறது.